என்ஜினை இறக்கிப் பார்த்துவிடலாம்

இங்கிலாந்தில் இந்த வகை மனிதரை முகத்தைப் பார்த்து அடையாளம் சொல்ல முடியாது. முகம் வெளியே தெரிவது அபூர்வம். பாதங்களை வைத்துத்தான் சொல்ல வேண்டும். சனிக்கிழமை காலையில் கராஜ் கதவு பாதி தூக்கியிருக்கும். உள்ளே தாழ்வான ஒரு கார் நாலு ஸ்டாண்டுகளின் மேல் நிற்கும். அதன் அடியிலிருந்து பழைய பூட்ஸ் ஒரு ஜோடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பூட்ஸ் ஆடினால் ஐயா வேலை செய்கிறார். ஆடாவிட்டால் யோசிக்கிறார். பெரும்பாலும் ஆடாது.

வயது அறுபதுக்கு மேல். ஓய்வு பெற்ற கணக்காளராகவோ, புவியியல் வாத்தியாராகவோ, பல் டாக்டராகவோ இருப்பார். பல் டாக்டர் என்றால் இன்னும் விசேஷம். நீளக் காம்பு வைத்த குட்டிக் கண்ணாடியைக் கடையில் வாங்க வேண்டியதில்லை. கார் அநேகமாக எம்.ஜி.பி. ஆக்ஸ்ஃபோர்டுக்குப் பக்கத்தில் ஆபிங்டன் என்ற ஊரில் 1962 முதல் 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் மேலாகச் செய்து தள்ளிய ஸ்போர்ட்ஸ் கார். நம் மனிதர் இளைஞராக இருந்தபோது தெருவில் ஒன்று உறுமிக்கொண்டு போனதைப் பார்த்தவர். அப்போது கையில் காசில்லை. கல்யாணம், வீட்டுக் கடன், பிள்ளைகள் படிப்பு எல்லாம் தீர்ந்து ஒன்றை வாங்கியபோது காருக்கும் வயதாகிவிட்டது. இரண்டே இருக்கை. மனைவியும் ஒருமுறை ஏறினார். மழை பிடித்துக்கொண்டது. துணிக் கூரையை இழுத்து மாட்டி முடிப்பதற்குள் மழையே விட்டுவிட்டது. அதன் பிறகு அந்த அம்மாள் பஸ்ஸில்தான் போகிறார்.

காரை அவர் 'அவள்' என்றுதான் சொல்வார். "ராத்திரி அவள் கொஞ்சம் விட்டிருக்கிறாள்" என்று காலையில் வேலிக்கு மேல் தலையை நீட்டிச் சொன்னால், பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் சங்கடப்படுவார்கள். எண்ணெயைச் சொல்கிறார் என்று புரிய ஒரு வாரமாகும்.

அந்த எண்ணெய் எவ்வளவு என்று பார்ப்போம். சுமாராக 20 சொட்டு சேர்ந்தால் ஒரு மில்லி. ராத்திரிக்குப் பத்துச் சொட்டு விழுகிறது என்றால் அரை மில்லி. வருஷம் பூராவும் தவறாமல் விழுந்தாலும் 180 மில்லி சொச்சம்; ஒரு டம்ளர். என்ஜினுக்குள் இருப்பதோ நாலு லிட்டருக்கு மேல். ஆக, வருஷத்துக்கு ஒரு டம்ளர் எண்ணெயைக் காப்பாற்றுவதற்காக மனிதர் புற ஊதாக்கதிர் விளக்கு, மஞ்சள் கண்ணாடி, முறுக்கு அளந்து இறுக்கும் ஸ்பானர், என்ஜின் தூக்கும் கிரேன் என்று வாங்கி அடுக்கியிருக்கிறார். முப்பது வருஷம் பிறர் கணக்கைத் தணிக்கை செய்தவராகவே இருக்கட்டும். இந்தக் கணக்கை மட்டும் போட்டுப் பார்த்ததில்லை.

சர்க்கார் நெருக்குகிறதா என்றால் அதுவும் இல்லை. 40 வயது தாண்டிய கார்களுக்கு, பெரிதாக மாற்றி அமைக்காமல் இருந்தால், வருடாந்திரச் சோதனை தேவையில்லை என்று 2018-லேயே விலக்கு கொடுத்தாயிற்று. சாலை வரியும் கிடையாது. சட்டம் மன்னித்துவிட்டது. இவர்தான் மன்னிக்க மாட்டேன் என்கிறார்.

விசாரணை அட்டையில் தொடங்குகிறது. கூரியரில் வந்த அட்டைப் பெட்டியைப் பிரித்துத் தட்டையாக்கி, நாலு சக்கரத்தையும் பென்சிலால் வரைந்து, மூக்கு எந்தப் பக்கம் என்று அம்புக்குறி போட்டு, தேதி எழுதி, படுக்கப் போகுமுன் காருக்கடியில் விரிப்பார். விடிந்ததும் பல் துலக்குவதற்கு முன் அதை உருவிப் பார்ப்பார். ஒவ்வொரு சொட்டையும் சுற்றி வட்டம். முன்னால் விழுந்தால் டைமிங் கவர். இடப் பக்கம் நடுவில் விழுந்தால் டேப்பெட் மூடி. பின்னால் விழுந்தால், அதைப் பற்றிப் பிறகு. பழைய அட்டைகளை எறிவதில்லை; கராஜ் சுவரில் வரிசையாக ஆணியடித்து மாட்டியிருப்பார். வீட்டுக்கு வந்தவரை நிறுத்திவைத்து, "மார்ச் மாசத்தைப் பாருங்க, இப்ப இதைப் பாருங்க, நகர்ந்திருக்கு இல்லையா?" என்பார். பேரன் படங்கள் கைப்பேசியில் இருக்கின்றன. அவற்றைக் காட்ட மறந்துவிடுவார்.

அட்டை பொய் சொல்லாது. ஆனால் கேட்டதற்குப் பதில் சொல்லாது. எண்ணெய் எங்கே விழுந்தது என்று சொல்லும். எங்கே பிறந்தது என்று சொல்லாது. என்ஜின் உச்சியில் ராக்கர் கவரில் கசிந்தது, ஹெட்டின் முதுகு வழியாக இறங்கி, கார் ஓடும்போது காற்றில் பின்னால் தள்ளப்பட்டு, கியர்பாக்ஸ் சேருமிடத்துக்கு வந்து, அங்கேயே பிறந்து வளர்ந்த எண்ணெயைப் போல நின்று சொட்டும். அதனால்தான் விஷயம் தெரிந்தவர்கள், முதலில் என்ஜினைச் சுத்தமாகக் கழுவு, கொஞ்சம் ஓட்டு, பிறகு எல்லாவற்றுக்கும் மேலே, எல்லாவற்றுக்கும் முன்னே எது நனைந்திருக்கிறதோ அதைப் பிடி என்பார்கள். இந்த விதி நம் மனிதருக்குத் தலைகீழ்ப் பாடம். மற்றவர்கள் காரைப் பார்க்கப் போனால் இதைச் சொல்லாமல் திரும்ப மாட்டார். சொந்தக் கார் என்று வந்துவிட்டால் மேலே பார்ப்பதில்லை. கண் நேராகப் பின்னால் போகும், அங்கே தொங்கும் ஓர் ஊசிக்கு.

அந்த ஊசியை அவசியம் பார்க்க வேண்டும். என்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் கிளட்சை மூடியிருக்கும் உறைக்குப் பெயர் பெல் ஹவுசிங். அதன் அடியில் சின்னதாக ஒரு ஓட்டை. ஓட்டையில் தளர்வாகத் தொங்கும் ஸ்பிளிட் பின்தான் அந்த ஊசி. அது எதையும் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. கார் ஓடும்போது சும்மா கிடுகிடுவென்று ஆடிக்கொண்டிருக்கும். அழுக்குச் சேர்ந்து ஓட்டை அடைந்துவிடக் கூடாதே என்பதற்காக. அதாவது, காரைச் செய்தவர்களே எண்ணெய் இந்த வழியாகத்தான் வரும் என்று முன்கூட்டி யோசித்து, அதற்கு வாசல் வைத்து, வாசல் அடைபடாமல் பார்த்துக்கொள்ளக் காவலும் போட்டிருக்கிறார்கள். இவ்வளவு ஒளிவுமறைவில்லாத ஒரு கம்பெனியிடம் கோபித்துக்கொள்ள எனக்கு மனம் வராது.

நம் மனிதர் மல்லாந்து படுத்து, டார்ச்சை அந்த ஊசியின் முனையில் நிறுத்துவார். அங்கே ஒரு சொட்டு திரண்டுகொண்டிருக்கும். பழுப்பு நிறம், அடிப்பக்கம் கனத்து, விளக்கு வெளிச்சத்தில் தேன் போல. விழாது. அவர் மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருப்பார். பிறகு ஆள்காட்டி விரலால் தொட்டு, கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்து, மூக்கருகே கொண்டுபோய், கண்ணை மூடி முகர்வார். என்ஜின் எண்ணெயா, கியர்பாக்ஸ் எண்ணெயா என்று கண்டுபிடிக்கிறாராம். மற்ற பல கார்களில் இது நல்ல யோசனைதான். கியர் எண்ணெயில் கந்தக வாடை தூக்கலாக இருக்கும். எம்.ஜி.பி.யின் கியர்பாக்ஸுக்குப் பொதுவாக ஊற்றுவதோ என்ஜினுக்கு ஊற்றும் அதே 20டபிள்யூ-50. இரண்டும் ஒரே டப்பாவிலிருந்து போனவை. இது அவருக்கும் தெரியும், ஊற்றியவரே அவர்தான். இருந்தாலும் முகராமல் விடுவதில்லை.

முகர்ந்தபின் வரும் தீர்ப்பு எப்போதும் ஒன்றுதான். "ரியர் மெயின் சீல். என்ஜினை இறக்கிப் பார்த்துவிடலாம்."

கிராங்க் ஷாஃப்ட் என்ஜினின் பின்பக்கம் வெளியே வரும் இடத்தில் உட்கார்ந்திருக்கும் ரப்பர் வளையம்தான் அந்த சீல். விலை பெரிதில்லை. ஆனால் அதைத் தொட்டுப் பார்க்க வேண்டுமானால் என்ஜின் வெளியே வந்தாக வேண்டும். இந்தக் காரில் கிளட்ச் மாற்றவே என்ஜினைத் தூக்க வேண்டும் என்பது வேறு விஷயம். 1964-இல் ஐந்து பேரிங் என்ஜின் வருவதற்கு முந்தைய கார்களில் இந்த ரப்பரும் கிடையாது. ஷாஃப்டிலேயே திருகாணி போல எதிர்த்திசையில் ஒரு மரை வெட்டியிருப்பார்கள். ஷாஃப்ட் சுற்றும்போது அந்த மரை எண்ணெயை உள்ளேயே திருப்பித் தள்ளிக்கொண்டிருக்கும். என்ஜினை நிறுத்தினால் மரையும் வேலையை நிறுத்திவிடும். அப்படிப்பட்ட பழைய மூன்று பேரிங் கார் வைத்திருப்பவர்களைக் கவனித்திருக்கிறேன். மாற்ற சீலே இல்லை என்று ஆனபின் முகத்தில் ஒரு தெளிவு வந்துவிடுகிறது. காருக்கடியில் ஒரு தட்டை வைத்துவிட்டு உள்ளே போய் டீ குடிப்பார்கள். அவஸ்தையெல்லாம் சீல் உள்ளவர்களுக்குத்தான்.

ஆனாலும் எடுத்த எடுப்பில் இறக்கிவிட முடியுமா? மனைவி இருக்கிறார். ஆதாரம் வேண்டும். அதற்குத்தான் சாயம். எண்ணெயில் கலக்கும் ஒரு சின்னக் குப்பி. கலந்து அரை மணி நேரம் ஓட்டிவிட்டு, இருட்டில் புற ஊதாக்கதிர் விளக்கை அடித்து மஞ்சள் கண்ணாடி வழியாகப் பார்த்தால் எண்ணெய் கசிந்த இடம் பச்சை மஞ்சளாக ஒளிரும். ராத்திரி பத்து மணிக்குக் கராஜிலிருந்து ஊதா வெளிச்சம் வரும். தெருவில் நாயைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் நடையை வேகப்படுத்துவார்கள்.

"கண்டுபிடிச்சாச்சா?" என்று வீட்டுக்குள்ளிருந்து குரல்.

"ஆச்சு."

"எங்கேயாம்?"

நீண்ட மௌனம். "எல்லா இடத்திலும்."

இதுதான் சாயத்தின் தொல்லை. அறுபது வருஷத்துக்கு முந்தைய என்ஜினில் ஈரமில்லாத மூட்டு ஏது? ராக்கர் கவர் ஓரம் ஒளிர்கிறது. டைமிங் கவர் ஒளிர்கிறது. எண்ணெய் அளக்கும் குச்சி நுழையும் இடம் ஒளிர்கிறது. அடியில் எண்ணெய் தேங்கும் சம்ப்பின் இரு முனையிலும் கார்க் பட்டை வைத்த இடம் ஒளிர்கிறது. வடிகால் மரையின் செப்பு வாஷர் ஒளிர்கிறது. போன தடவை எண்ணெய் ஊற்றும்போது சிந்தியதும் சேர்ந்து ஒளிர்கிறது. சந்தேகப் பட்டியலில் ஒருவர் இருந்த இடத்தில் இப்போது ஊரே நிற்கிறது. மறுநாள் காலில் போடும் பவுடர் ஸ்ப்ரேயை வாங்கிவந்து என்ஜின் முழுக்க வெள்ளையடிப்பார். வெள்ளையில் எங்கே முதலில் கறை ஊறுகிறது என்று பார்க்க. வேலை செய்யும் உபாயம்தான். கராஜ் மட்டும் இரண்டு வாரத்துக்கு நாவிதர் கடை வாசனை அடிக்கும்.

இதற்கிடையில் ஸ்பானர் கையில் இருப்பதால் எதையாவது இறுக்கத் தோன்றும். நனைந்த இடத்தை இறுக்குவது மனித இயல்பு. ராக்கர் கவரைப் பிடித்திருப்பது மேலே இரண்டே நட்டு. அடியில் கார்க் பேக்கிங். கவரோ தகரம். கொஞ்சம் இறுக்கினால் கார்க் பிடித்துக்கொள்ளும். இன்னும் இறுக்கினால் தகரம் வளையும், கார்க் பிதுங்கும், ஓரத்தில் இடைவெளி விழும், எண்ணெய் கூடுதலாக வரும். கூடுதலாக வந்தால் என்ன செய்வார்? இன்னும் இறுக்குவார். என்ஜின் விலாவில் இருக்கும் டேப்பெட் மூடிகள் இதைவிட மோசம். மெல்லிய தகட்டு மூடிக்கு நட்டநடுவே ஒரே ஒரு போல்ட். அதுவும் மேனிஃபோல்டுக்குப் பின்னால், கை நுழையாத சந்தில். கார்புரேட்டரை எல்லாம் கழற்றினால்தான் ஒழுங்காகப் பார்க்க முடியும். இங்கேதான் பாதிக் கசிவுகள் பிறக்கின்றன என்பது என் அபிப்பிராயம். கஷ்டம் மிகுதி, பெருமை குறைவு என்பதால் அதை யாரும் முதலில் சந்தேகிப்பதில்லை.

மாதம் ஒருமுறை பப் வாசலில் இவர்கள் கூடுவார்கள். அங்கே பேக்கிங்குக்கு என்ன பசை தடவுவது என்பதில் சமயப் பிரிவுகள் உண்டு. ரோல்ஸ் ராய்ஸ் ஜெட் என்ஜினுக்காக உருவான, காய்ந்து இறுகாத நீலப் பசை ஹைலோமார் ஒரு பிரிவு. சிலிக்கோன் இன்னொன்று, பிதுங்கிய சிலிக்கோன் துணுக்கு உள்ளே உதிர்ந்து எண்ணெய் உறிஞ்சும் சல்லடையை அடைத்துவிட்ட கதையைச் சொல்லி நீலப் பிரிவினர் அவர்களைப் பயமுறுத்துவார்கள். வெறும் கார்க், கொஞ்சம் கிரீஸ், அவ்வளவுதான் என்று சொல்லும் கிழவர் ஒருவர் மூலையில் இருப்பார். அவர் கார் சொட்டாது. அதனால் அவரோடு யாரும் பேசுவதில்லை. 4.2 லிட்டர் ஜாகுவார் ஈ-டைப் வைத்திருப்பவர் தனியாக நிற்பார். அந்த என்ஜினின் பின்பக்கத்தை அடைத்திருப்பது ரப்பர் அல்ல, கயிறு. கயிற்றை அளவாக வைத்து அமுக்கி உட்காரவைப்பது ஒரு தனிக் கலை. ஆகவே மற்றவர்கள் கசிவைப் பற்றிப் பேசும்போது அவர் லேசாகப் புன்னகை செய்வார்.

கடைசியில் ஒரு நீண்ட வார இறுதியில் என்ஜின் இறங்கத்தான் இறங்கும். ரேடியேட்டர் வெளியே, எண்ணெய்க் குழாய்கள் வெளியே, எந்த ஒயர் எங்கே என்று காகிதச் சீட்டுகள் கட்டியாயிற்று. நண்பர்கள் இருவர் கிரேனைத் தள்ள, மனைவி ஜன்னலிலிருந்து பார்க்க, என்ஜின் சங்கிலியில் ஆடிக்கொண்டு மேலே எழும்பும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். அந்தச் சமயத்தில் அவரிடம் எண்ணெயைப் பற்றிப் பேசினால் எந்த எண்ணெய் என்று கேட்பார். புது சீல் போட்டு, எல்லாவற்றையும் மாட்டி, நாலு போல்ட் மீந்ததைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஊரைச் சுற்றி ஓட்டிவிட்டு வந்து, புது அட்டையை விரிப்பார்.

காலையில் பத்துச் சொட்டு.

அப்போதுதான் கிராமத்து ஒர்க் ஷாப்பிலிருந்து ஒரு மெக்கானிக் வருவார். வேறு வேலையாக வந்தவராக இருப்பார். என்ஜினை ஸ்டார்ட் செய்யச் சொல்லி, எண்ணெய் ஊற்றும் மூடியைக் கழற்றி வாய்மேல் உள்ளங்கையை வைப்பார். உள்ளிருந்து காற்று கையைத் தள்ளும். "பிரீதர் அடைச்சிருக்கு" என்பார்.

எந்த என்ஜினிலும் சிலிண்டரில் எரிந்த வாயுவில் கொஞ்சம் பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கீழே இறங்கும். அது வெளியே போக வழி வேண்டும். எம்.ஜி.பி.யில் அந்த வழி முன்பக்க டேப்பெட் மூடியில் உள்ள ஒரு டப்பா. உள்ளே கம்பி வலை, அதிலிருந்து ஒரு குழாய் மேலே போகும். வலையில் பல வருஷத்துக் கசடு சேர்ந்தாலோ குழாய் உள்ளுக்குள் உப்பி அடைந்தாலோ வாயு உள்ளேயே முட்டும். முட்டிய வாயு எங்கே இடுக்கு கிடைக்கிறதோ அங்கே எண்ணெயைப் பிதுக்கித் தள்ளும். நேற்று போட்ட புது சீலானாலும் சரி. மருந்து, டப்பாவைக் கழற்றிப் பெட்ரோலில் ஊறப்போட்டு அலசி, புது ரப்பர்க் குழாய் மாட்டுவது. ஒரு மத்தியான வேலை.

மெக்கானிக்கைக் கட்டிக்கொள்வார் என்றுதானே நினைப்பீர்கள்? மனிதர் முகம் சுண்டிவிடும். நெஞ்சில் வலி என்று பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், எக்கோ எடுத்து, டிரெட்மில்லில் ஓடி, கோப்பு ஒன்றரை அங்குலம் தடித்தபின், "ஒண்ணுமில்லைங்க, வாயுதான், சீரகத் தண்ணி குடிங்க" என்று டாக்டர் சொன்னால் நம்மூர்ப் பெரியவர் எப்படிப் பார்ப்பார்? அந்தப் பார்வை. உயிர் பிழைத்ததில் சந்தோஷம்தான். ஆனால் இத்தனை பேருக்குச் சொல்லி அனுப்பியாயிற்றே, வெறும் வாயு என்று எப்படி வீட்டுக்குப் போவது?

பிரீதரைச் சுத்தம் செய்வார். யாரும் பார்க்காத செவ்வாய்க்கிழமை பார்த்துச் செய்வார். மறுநாள் அட்டையில் இரண்டே சொட்டு. உடனே வேலிக்கு மேல் தலை தெரியும். "பார்த்தீங்களா, புது சீல் இப்பத்தான் சரியா உட்கார்ந்திருக்கு. கொஞ்சம் நாளாகும்னு நான் சொன்னேன் இல்லையா?" சொல்லவில்லை. ஆனால் மறுத்துப் பேச நமக்கென்ன வழக்கா?

ஒருநாள் பேச்சுவாக்கில் எங்கள் ஊர் அம்பாசடர் காரைப் பற்றி அவரிடம் சொன்னேன். எம்.ஜி.பி. என்ஜின் எந்தக் குடும்பமோ அதே பி சீரிஸ் குடும்பம்தான் அம்பாசடரின் பெட்ரோல் என்ஜினும், 1489 சி.சி. அதே 1489 சி.சி.தான் எம்.ஜி.பி.க்கு முன்னால் வந்த எம்.ஜி.ஏ. என்ற ஸ்போர்ட்ஸ் காரிலும் முதலில் இருந்தது. கல்கத்தா பக்கத்தில் உத்தர்பாராவில் 2014 வரை அந்தக் காரைச் செய்தார்கள் என்றதும் மனிதர் எழுந்து நின்றுவிட்டார்.

"உங்க ஊர்ல எத்தனை ஓடிச்சு?"

"டாக்சி ஸ்டாண்டு முழுக்க அதுதான்."

"கசியுமா?"

"ஸ்டாண்டுத் தரையே கறுப்பாத்தான் இருக்கும்."

அவருக்குக் கண் கலங்கியது போலிருந்தது. "அப்ப, நீங்கள்லாம் எப்படி நிறுத்தினீங்க?"

யாரும் நிறுத்தவில்லை என்று சொன்னேன். டிரைவர் காலையில் குச்சியை உருவிப் பார்ப்பார். குறைந்திருந்தால் டிக்கியில் இருக்கும் டப்பாவிலிருந்து ஊற்றுவார். எலுமிச்சம் பழத்தைச் சக்கரத்தடியில் வைத்து நசுக்கிவிட்டு, எட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு சபரிமலைக்குப் போய்விட்டு வருவார். எங்கே ஒழுகுது என்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. எவ்வளவு குடிக்குது என்று மட்டும்தான் பேச்சு.

நீண்ட நேரம் ஒன்றும் பேசவில்லை. என்மேல் பரிதாபப்படுகிறார் என்பது தெரிந்தது. "இத்தனை வருஷமா" என்றார் மெல்ல, "ரியர் மெயினை ஒருத்தர்கூடவா பார்க்கலை?"

இப்போது வரும் ஜனவரியில் தமிழ்நாட்டுக்குப் போகத் திட்டம் போட்டுக்கொண்டிருக்கிறார். மாமல்லபுரம், தஞ்சாவூர், மதுரை என்று வரைபடத்தில் குறித்துக்கொண்டு வந்து என்னிடம் காட்டினார். பெரிய கோயிலுக்குப் பக்கத்தில் பழைய டாக்சி ஸ்டாண்டு ஏதும் மிச்சம் இருக்கிறதா, காருக்கடியில் படுத்துப் பார்த்தால் டிரைவர்கள் தப்பாக நினைப்பார்களா என்று விசாரித்தார். சாயக் குப்பியை விமானத்தில் விடுவார்களா என்பதுதான் கவலையாம். மஞ்சள் கண்ணாடியைப் பெட்டியில் வைத்தாயிற்று. மனைவியிடம் கோயில் சுற்றுலா என்று சொல்லியிருக்கிறார்.